சமூக ஊடகச் செயலிகளும் கைபேசிக் கண்காணிப்பும்: ஒரு வரலாறு

சமூக ஊடகச் செயலிகள் தம் பயனர்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டி, அவற்றின் துணையால் விளம்பரம் விற்று வருவாய் ஈட்டுகின்றன. பெயர், பிறந்த நாள், படங்கள் எனப் பயனர் தாமே தருபவை இத்தரவின் ஒரு பகுதி மட்டுமே. அவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார், எந்தப் பதிவில் எவ்வளவு நேரம் நின்றார், வேறு எந்தச் செயலிகளைத் திறந்தார், எந்த இணையக் கடையில் எதைப் பார்த்தார் என்பன அவர் அறியாமலே பதிவாகின்றன. இவ்வாறு அறியாமல் பதிவாகும் தரவைத் திரட்டித் தொகுப்பதே பொதுவாகக் கண்காணிப்பு எனப்படுகிறது.

இக்கண்காணிப்பு கைபேசியோடு தானாகப் பிறந்துவிடவில்லை. 1994 முதல் இன்றுவரை பலர் எடுத்த தொழில்நுட்ப முடிவுகளும் வணிக முடிவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உருவானது. அதற்கு இடப்பட்ட வரம்புகளும் அவ்வாறே ஒவ்வொன்றாக, பெரும்பாலும் யாரோ ஒருவர் கேள்வி எழுப்பிய பின்னர் வந்தவை. இந்த வரலாறு முழுவதும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார்? தரவை எடுப்பவர் அனுமதி கேட்க வேண்டுமா, தரவுக்கு உரியவர் தேடிச் சென்று மறுக்க வேண்டுமா? இக்கேள்விக்கான விடை மாறியபோதுதான் கண்காணிப்பின் அளவும் மாறியது.

இருப்பிடத்தைச் சொல்லியாக வேண்டிய கருவி

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி, மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் கையடக்கத் தொலைபேசியிலிருந்து முதல் அழைப்பைச் செய்தார். செல்பேசி வலையமைப்பில் நிலப்பரப்பு சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்குக் கோபுரங்கள் அமைக்கப்படுகின்றன. ஒருவருக்கு அழைப்பு வந்தால் அதை எந்தக் கோபுரத்தின் வழியாக அனுப்புவது என்று வலையமைப்புக்குத் தெரிய வேண்டும். ஆகவே, பேசாமல் சும்மா இருக்கும்போதும் கைபேசி அவ்வப்போது தன் இருப்பைக் கோபுரத்துக்குத் தெரிவிக்கிறது. இது தொழில்நுட்பத் தேவை. இதை நிறுத்தினால் அழைப்பு வராது.

ஆனால் தேவைக்காகத் தெரிவிக்கப்பட்டதை எவ்வளவு காலம் சேமித்து வைப்பது என்பது வேறு முடிவு. ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்ட்டே ஸ்பிட்ஸ், தம்மைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் வைத்திருந்த பதிவுகளைச் சட்டப்படி போராடிப் பெற்றார். 2009 ஆகஸ்ட் முதல் 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதங்களுக்கு 35,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. 2011-இல் ஒரு ஜெர்மானிய இதழின் இணையப் பதிப்பு அவற்றை வரைபடத்தில் ஓடவிட்டுக் காட்டியது. அவர் என்ன பேசினார் என்பது அதில் இல்லை. எப்போது எந்த ஊரில் இருந்தார், எப்போது பயணம் செய்தார், எப்போது உறங்கினார் என்பவை தெரிந்தன.

அமெரிக்காவில் கார்ப்பென்டர் வழக்கில், ஒருவரின் 127 நாள் நடமாட்டத்தைக் காட்டும் 12,898 இருப்பிடப் பதிவுகளைக் காவல்துறை முறையான பிடியாணை இல்லாமல் பெற்றிருந்தது. இத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாக நீதிமன்றத்தின் பிடியாணை வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்தது.

சமூக ஊடகச் செயலிகளின் கண்காணிப்பு இதிலிருந்து வேறுபட்டது. கோபுரத்துக்குச் சொல்லப்படுவது கருவி இயங்குவதற்காக. செயலிகள் திரட்டுவதில் பெரும்பகுதி விளம்பரத்துக்காக. அந்த வழக்கம் தொடங்கிய இடம் கைபேசியன்று, மேசைக் கணினியின் இணைய உலாவி.

குக்கியும் லைக் பொத்தானும்

தொடக்க கால இணையத்தளங்களுக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றால், வந்திருப்பவர் அதே ஆள்தான் என்று தளத்துக்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி 1994-இல் குக்கி என்னும் முறையை உருவாக்கினார். தளம் ஒரு சிறு குறிப்பைப் பயனரின் கணினியில் இட்டு வைக்கும். அடுத்த முறை அதைப் படித்து அவரை அடையாளம் காணும். இணையக் கடையில் வாங்கும் பொருள்களை நினைவில் வைப்பது போன்ற பணிகளுக்கு இது பயன்பட்டது.

ஒரு பக்கத்தில் வேறு நிறுவனத்தின் விளம்பரம் இடம்பெற்றால், அந்த நிறுவனமும் தன் குக்கியை இட முடிந்தது. ஆயிரக்கணக்கான தளங்களில் விளம்பரம் வைக்கும் நிறுவனம், ஒரே ஆள் அத்தளங்களில் எல்லாம் எங்கெங்கு சென்றார் என்று தொகுக்கலாம். டபுள்கிளிக் நிறுவனம் இத்தொழிலில் முன்னணியில் இருந்தது. அது 1999-இல் அபாக்கஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அபாக்கஸிடம் அஞ்சல்வழிப் பொருள் வாங்குவோரின் பெயரும் முகவரியும் இருந்தன. பெயரில்லாத இணையத் தடங்களையும் பெயருள்ள அந்தப் பட்டியலையும் இணைக்கும் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழவே, 2000 மார்ச்சில் டபுள்கிளிக் பின்வாங்கியது. அந்நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2007-இல் அறிவித்தது.

அதே ஆண்டு நவம்பரில் பேஸ்புக் 'பீக்கன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயனர் வெளித்தளம் ஒன்றில் பொருள் வாங்கினால், அச்செய்தி பேஸ்புக்கில் அவருடைய நண்பர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்பவர் சிறிது நேரமே தோன்றி மறையும் பெட்டியில் மறுக்க வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் ஒருவர் வாங்கிய மோதிரம் பற்றிய செய்தி, மனைவி உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் மார்க் சக்கர்பர்க் மன்னிப்புக் கேட்டார். 2009-இல் 95 இலட்சம் டாலர் வழக்குத் தீர்வுடன் பீக்கன் மூடப்பட்டது.

பீக்கன் தோற்றதற்கு ஒரு காரணம் அது கண்ணில் பட்டதே. 2010 ஏப்ரலில் பிற இணையத்தளங்களில் வைக்கத் தரப்பட்ட லைக் பொத்தான் அப்படிக் கண்ணை உறுத்தவில்லை. அந்தப் பொத்தானின் படம் பேஸ்புக்கின் கணினியிலிருந்து வருகிறது. ஆகவே பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. அது உள்ள பக்கத்தைத் திறந்தாலே யார், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்ற செய்தி பேஸ்புக்குக்குச் சென்றுவிடும். இவ்வாறு தரவு செல்வதற்குப் பொத்தானை வைத்த தளமும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது.

அழிக்க முடியாத எண்

2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசியும் விற்பனைக்கு வந்தது. கைபேசியில் ஒரு செயலி இட்ட குறிப்பை மற்றொரு செயலி படிக்க முடியாது. எனவே உலாவியில் குக்கி செய்த வேலையைக் கைபேசியில் செய்ய விளம்பர நிறுவனங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஒவ்வொரு ஐபோனுக்கும் 40 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட கருவி எண் ஒன்று இருந்தது. எல்லாச் செயலிகளும் அதைப் படிக்கலாம். குக்கியைப் பயனர் அழித்துவிடலாம். இந்த எண்ணை அழிக்கவோ மாற்றவோ அவரால் முடியாது.

இந்த எண்ணைத் திரட்டும் வேலையை ஆயத்த நிரல்தொகுதிகள் எளிதாக்கின. செயலியை உருவாக்குபவர் அதன் எல்லாப் பகுதிகளையும் தாமே எழுதுவதில்லை. விளம்பரம் காட்டவும், பயன்பாட்டை அளக்கவும், சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்நுழையவும் பிற நிறுவனங்கள் நிரல்தொகுதிகளை எழுதி இலவசமாகத் தருகின்றன. அவை செயலிக்குள் அமர்ந்து, செயலிக்குக் கிடைத்த அனுமதிகளைத் தாமும் பயன்படுத்தும். ஒரு விளையாட்டுச் செயலிக்கோ நாட்காட்டிச் செயலிக்கோ தரப்பட்ட அனுமதி, பயனர் பெயரே கேட்டிராத நிறுவனத்துக்கும் பயன்படுவது இவ்வாறுதான்.

2010 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 101 செயலிகளை ஆராய்ந்து வெளியிட்டது. அவற்றுள் 56 செயலிகள் பயனருக்குத் தெரியாமல் கருவி எண்ணைப் பிற நிறுவனங்களுக்கு அனுப்பின. 47 செயலிகள் இருப்பிடத்தை அனுப்பின. 2012 பிப்ரவரியில் பாத் என்ற சமூக ஊடகச் செயலி, பயனரின் முகவரிப் புத்தகம் முழுவதையும் கேட்காமலே தன் கணினிக்கு ஏற்றிக்கொள்வதை மென்பொருளாளர் ஒருவர் கண்டறிந்தார். அப்போது ஐபோனில் தொடர்பு எண்களைப் படிக்கத் தனி அனுமதி தேவைப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6 அந்த அனுமதியைக் கட்டாயமாக்கியது. பாத் நிறுவனம் 2013-இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்துக்கு 8 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது.

முகவரிப் புத்தகத்தில் இருப்பவை பயனருடைய விவரங்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை அவருடைய உறவினர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரின் எண்கள். அச்செயலியை ஒருபோதும் பயன்படுத்தாதவரின் எண்ணும் இவ்வழியே அதன் கணினிக்குச் சென்றது.

மறைவாக இருந்த மறுப்பு

கருவி எண் மீதான எதிர்ப்பு வளர்ந்ததால், ஆப்பிள் ஐஓஎஸ் 6-இல் விளம்பர எண் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. விளம்பரத்துக்கென்றே தரப்படும் இந்த எண்ணைப் பயனர் மாற்றிக்கொள்ளலாம். பழைய கருவி எண்ணைப் படிக்கும் செயலிகளை 2013 மே 1 முதல் ஆப்பிள் ஏற்கவில்லை. கூகுளும் ஆண்ட்ராய்டில் விளம்பர எண்ணை 2013-இல் அறிமுகப்படுத்தி, 2014 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது.

ஐஓஎஸ் 6-இலேயே விளம்பரக் கண்காணிப்பைக் குறைக்கும் பொத்தானும் இருந்தது. ஆனால் அது தனியுரிமைப் பகுதியில் இடம்பெறவில்லை. பொது அமைப்புகளுக்குள் சென்று, கருவியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்து, அதன் கீழே தேட வேண்டும். யாரும் தொடாமல் விட்டால் கண்காணிப்பு தொடரும். பொத்தானை இயக்கினாலும் செயலிக்கு அதே எண்தான் சென்றது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற வேண்டுகோள் மட்டும் உடன் சென்றது. மறுத்தவரின் எண்ணுக்குப் பதிலாக வெறும் சுழிகள் அனுப்பப்படும் நிலை 2016-இல் ஐஓஎஸ் 10-உடன் வந்தது.

ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு வகையில் கடினமாக இருந்தது. 2015 வரை செயலியை நிறுவும்போதே அது கேட்கும் எல்லா அனுமதிகளையும் மொத்தமாகத் தர வேண்டும். இல்லையேல் நிறுவ இயலாது. அவ்வாண்டு வந்த ஆண்ட்ராய்டு 6.0-தான் ஒவ்வோர் அனுமதியையும் தேவைப்படும் நேரத்தில் தனித்தனியே கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் தரும் வசதி 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் கிடைத்தது. துல்லியமான இடத்துக்குப் பதிலாகத் தோராயமான பகுதியை மட்டும் தரும் வசதி ஐபோனில் 2020-இலும் ஆண்ட்ராய்டில் 2021-இலும் வந்தது.

கணக்கே இல்லாதவரும் இக்கண்காணிப்பிலிருந்து தப்பவில்லை. பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 34 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. அவற்றுள் குறைந்தது 61 விழுக்காடு, திறந்த உடனேயே பேஸ்புக்குக்குத் தரவு அனுப்பின. பேஸ்புக் கணக்கு இல்லாதவரின் கைபேசியிலிருந்தும் அது சென்றது.

நண்பர் வழியாகப் போன தரவு

2013-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கோகன் ஆளுமைத் தேர்வு ஒன்றைப் பேஸ்புக் செயலியாக உருவாக்கினார். சுமார் 2.7 இலட்சம் பேர் அதை நிறுவினர். அக்காலத்தில் பேஸ்புக்கின் விதிகள், செயலியை நிறுவியவரின் நண்பர்களைப் பற்றிய தரவையும் எடுக்க இடம் தந்தன. அந்த நண்பர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இவ்வாறு 8.7 கோடி பேர் வரையிலானோரின் தரவு, கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குச் சென்றிருக்கலாம் என்று பேஸ்புக் பின்னர் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. ஆனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் சுமார் 5.62 இலட்சம் பேர். ஒருவர் தந்த ஒப்புதல் பலருடைய தரவைத் திறந்துவிட்டதற்கு இவ்விரு எண்களே சான்று.

இது 2018 மார்ச்சில் செய்தித்தாள்கள் வழியாக வெளிவந்தது. நண்பர் தரவை எடுக்கும் வழியைப் பேஸ்புக் 2015-இலேயே அடைத்திருந்தது. எடுக்கப்பட்டதைத் திரும்பப் பெறும் வழி அதனிடம் இல்லை. 2019 ஜூலையில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது.

'பெயர் இல்லை' என்ற சமாதானம்

திரட்டப்படும் இருப்பிடத் தரவில் பெயர் இருப்பதில்லை, எண் மட்டுமே இருக்கிறது என்பது இத்தொழிலில் ஈடுபட்டோர் வழக்கமாகத் தரும் விளக்கம். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்விளக்கத்தின் வலிமையைச் சோதித்தது. ஈவ்-அலெக்சாண்டர் டி மோன்ஜோயும் உடன் ஆய்வாளர்களும் 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைபேசி இருப்பிடத் தரவை ஆராய்ந்தனர். ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்ற நான்கு குறிப்புகள் கிடைத்தாலே, 95 விழுக்காட்டினரை மற்ற அனைவரிலிருந்தும் பிரித்துக் காண முடிந்தது. இரவில் தங்கும் இடமும் பகலில் செல்லும் இடமும் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன.

கூட்டாகத் தொகுத்த தரவும் ஆபத்தில்லாதது அன்று. ஓட்டப் பயிற்சிகளைப் பகிர உதவும் ஸ்ட்ராவா செயலி, தன் பயனர்கள் சென்ற தடங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. அதில் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அந்த வரைபடத்தில் ஒன்றைக் கவனித்தார். மக்கள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில், படைவீரர்கள் ஓடிய தடங்கள் இராணுவ முகாம்களின் வடிவத்தை ஒளிக்கோடுகளாகக் காட்டின. அது பல நாட்டு இராணுவங்களின் கவலையாயிற்று.

2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தனக்குக் கிடைத்த ஒரு தரவுத் தொகுப்பைப் பற்றி எழுதியது. 1.2 கோடி கைபேசிகளின் 5,000 கோடி இருப்பிடப் பதிவுகள் அதில் இருந்தன. அவை தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வந்தவை அல்ல. சாதாரணச் செயலிகளிலிருந்து இருப்பிடம் திரட்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் பதிவுகள்.

நீதிமன்றங்களும் சட்டங்களும்

2011-இல் வியன்னாவைச் சேர்ந்த சட்ட மாணவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ், தம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைத் தருமாறு பேஸ்புக்கிடம் கேட்டார். 1,222 பக்கங்கள் வந்தன. அவர் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அவற்றில் இருந்தன. அவர் தொடுத்த முறையீடுகளின் தொடர்ச்சியாக, ஐரோப்பியர் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிவகுத்த இரு ஏற்பாடுகளை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015-இலும் 2020-இலும் செல்லாதவை என்று அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் என்பது பயனர் தெளிவாகச் செய்யும் செயலாக இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டத்தை நீக்காமல் விட்டால் அது ஒப்புதல் ஆகாது என்று அந்நீதிமன்றம் 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. பேசாமல் இருப்பது சம்மதம் என்ற பழைய கணக்கை இத்தீர்ப்பு ஏற்க மறுத்தது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. 18 வயது நிறையாதவரைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடுக்கிறது. அரசு அமைப்புகளுக்கு இச்சட்டம் தரும் பரந்த விலக்குகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

வாட்ஸ்அப் வழக்குகள் இந்தியப் பயனரை நேரடியாகத் தொட்டவை. 2014-இல் பேஸ்புக் வாங்கிய வாட்ஸ்அப், 2016 ஆகஸ்டில் பயனர் தரவைப் பேஸ்புக்குடன் பகிரும் வகையில் தன் கொள்கையை மாற்றியது. அதை எதிர்த்து இரு மாணவர்கள் தில்லி உயர் நீதிமன்றம் சென்றனர். 2021-இல் வந்த அடுத்த மாற்றத்தில், பகிர்வை ஏற்பது கட்டாயமாக்கப்பட்டது. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வாட்ஸ்அப் இல்லாமல் பள்ளிச் செய்தியோ பணியிடச் செய்தியோ கிடைக்காது என்ற நிலையில், 'ஏற்றுக்கொள் அல்லது விலகு' என்பது உண்மையில் தேர்வு ஆகுமா என்பதே அவ்வழக்கின் அடிக்கேள்வி.

முதலில் கேட்க வேண்டியவர் மாறியபோது

2021 ஏப்ரல் 26 அன்று வந்த ஐஓஎஸ் 14.5, பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்று விதித்தது. திரையில் ஒரு கேள்வி தோன்றும், அனுமதிக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் விளம்பர எண் செயலிக்குக் கிடைக்காது.

மறுக்கும் வசதி ஐபோனில் 2012 முதலே இருந்தது என்பதை மேலே கண்டோம். 2021-இல் புதிதாக ஓர் உரிமை பிறக்கவில்லை. அமைப்புகளின் அடியில் கிடந்த கேள்வி திரையின் நடுவே வந்தது. பேச வேண்டிய கடமை பயனரிடமிருந்து செயலிக்கு மாறியது. இதனால் சிறுவணிகங்கள் பாதிக்கப்படும் என்று பேஸ்புக் 2020 டிசம்பரில் அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் தந்து எதிர்த்திருந்தது. 2022-ஆம் ஆண்டில் இம்மாற்றத்தால் வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் குறையக்கூடும் என்று மெட்டா 2022 பிப்ரவரியில் மதிப்பிட்டது. அந்த அறிவிப்புக்கு மறுநாள் அதன் பங்கு விலை 26 விழுக்காடு சரிந்தது. பயனர்கள் விரும்பியே தரவைத் தருகிறார்கள் என்ற வாதத்தை, கேட்டால் எத்தனை பேர் மறுப்பார்கள் என்ற அச்சமே பலவீனப்படுத்திவிட்டது.

உலாவிகளிலும் இதே பாடம் காணப்படுகிறது. சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் பிற நிறுவனக் குக்கிகளை இயல்பாகவே முழுமையாகத் தடுத்தது. குரோம் உலாவியிலும் அவற்றை நீக்கப்போவதாகக் கூகுள் அவ்வாண்டு அறிவித்தது. பலமுறை தள்ளிவைத்து, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. கூகுளின் முதன்மை வருவாய் விளம்பரத்திலிருந்து வருவது.

வரம்புக்கு வெளியே இருப்பவை

ஆப்பிளின் விதி ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தின் எல்லைக்குள் பின்தொடர்வதையே கட்டுப்படுத்துகிறது. ஒரு சமூக ஊடகச் செயலி தனக்குள்ளேயே திரட்டுவதை அது தொடுவதில்லை. எந்தக் காணொளியை எத்தனை நொடி பார்த்தார், எங்கே நிறுத்தினார், யாருடைய பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார் என்பன எவ்வித விளம்பர எண்ணும் இல்லாமல் பதிவாகும். பல செயலிகளைச் சொந்தமாக வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இதனால் இழப்பு குறைவு.

விதியை இடுபவரும் சந்தையில் ஒரு போட்டியாளர் என்பது இன்னொரு சிக்கல். இந்த அனுமதி முறையை நடைமுறைப்படுத்திய விதம் போட்டிக்கு ஊறு விளைவித்தது என்று பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ தண்டம் விதித்தது. தனியுரிமை என்ற நோக்கத்தை அது குறை கூறவில்லை.

தரவு தர விரும்பாதவர் பணம் கட்டலாம் என்ற முறையை மெட்டா 2023 நவம்பரில் ஐரோப்பாவில் கொண்டுவந்தது. அது உண்மையான தேர்வு ஆகாது என்று கருதிய ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ தண்டம் விதித்தது. அனுமதி கேட்பது கட்டாயமான பின், மறுப்பதற்கு என்ன விலை என்பது அடுத்த வழக்காக மாறியிருக்கிறது.

பயனர் கையில் உள்ளவை

மேலே கண்ட வரலாற்றின் பயனாக, இன்றைய கைபேசிகளில் சில கட்டுப்பாடுகள் பயனருக்குக் கிடைத்துள்ளன. பட்டியலின் பெயர்கள் கருவிக்குக் கருவி சிறிது மாறலாம்.

விளம்பர எண்: ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் உள்ள கண்காணிப்புப் பக்கத்தில், செயலிகள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம், அப்போது எல்லாக் கோரிக்கையும் மறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஆண்ட்ராய்டில் விளம்பரங்கள் பகுதிக்குச் சென்று விளம்பர எண்ணை அழிக்கலாம்.

இருப்பிடம்: வரைபடச் செயலிக்குத் துல்லியமான இடம் தேவை. படம் பகிரும் செயலிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஒவ்வொரு செயலிக்கும் 'ஒருபோதும் வேண்டாம்', 'பயன்படுத்தும்போது மட்டும்', 'தோராயமான இடம்' ஆகியவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தொடர்பு எண்களும் படங்களும்: தொடர்பு எண்களை அனுமதிப்பது பிறருடைய தரவைத் தருவதாகும் என்பதை நினைவில் கொள்வது நல்லது. படத்தொகுப்பு முழுவதையும் திறந்துவிடாமல், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் தரும் வசதி புதிய கைபேசிகளில் உண்டு. எடுக்கும் படத்தில் இருப்பிடம் பதிவாவதையும் படப்பிடிப்பு அமைப்பில் நிறுத்தலாம்.

வெளிச் செயல்பாடு: பிற தளங்களும் செயலிகளும் தன்னைப் பற்றி அனுப்பியவற்றைக் காணவும் கணக்கிலிருந்து பிரிக்கவும் 2020 ஜனவரி முதல் பேஸ்புக் எல்லா நாடுகளிலும் வசதி தந்துள்ளது. அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்ப்பது, இக்கட்டுரையில் சொன்னவற்றைத் தம் கணக்கிலேயே சரிபார்க்கும் வழியாகும்.

செயலியை நீக்குதல்: கைபேசியிலிருந்து செயலியை நீக்குவதால் கணக்கு நீங்காது. நிறுவனத்திடம் உள்ள தரவை அகற்றக் கணக்கையே அழிக்கக் கோர வேண்டும்.

இவற்றில் எதுவும் கோபுரத்துக்குக் கைபேசி இருப்பிடம் தெரிவிப்பதை நிறுத்தாது. அதைக் கட்டுப்படுத்துவது சட்டமும் நீதிமன்றமுமே.

மதிப்பீடு

முப்பது ஆண்டு வரலாற்றில், கண்காணிப்புக்கு வைக்கப்பட்ட வரம்புகளில் பலவற்றின் பின்னால் ஒரு தனிமனிதரோ சிறு குழுவோ எழுப்பிய கேள்வி இருக்கிறது. முகவரிப் புத்தகம் வெளியே போவதைக் கண்ட மென்பொருளாளர், தம் தரவைக் கேட்டுப் பெற்ற வியன்னா மாணவர், வரைபடத்தை உற்றுப் பார்த்த ஆஸ்திரேலிய மாணவர், தில்லி உயர் நீதிமன்றம் சென்ற இரு மாணவர்கள் ஆகியோர் இதற்குச் சான்று.

அக்கேள்விகள் வசதிகளாக மாறினாலும், அவை அமைப்புகளின் அடியில் கிடந்தவரை சிலருக்கே பயன்பட்டன. யாரும் தொடாதபோது கைபேசி எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையிலேயே பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துகின்றனர். எனவே தனியுரிமை பற்றிய புதிய வசதியோ சட்டமோ வரும்போது அதன் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. பயனர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். தரவு போகாது என்றால் அது வரம்பு. போகும் என்றால், 2012-இன் மறைந்த பொத்தான் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள்.